பிள்ளை தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டால்: அம்மாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வளரிளம் பருவப் பிள்ளை கையிலோ தொடையிலோ தானே காயம் செய்துகொள்வதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அம்மாதான். துணி துவைக்கும்போது, தலை பின்னும்போது, காய்ச்சலில் தொட்டுப் பார்க்கும்போது கண்ணில் படுகிறது. அதற்குப் பிறகு அவர்கள் கேட்கிற கேள்விகள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. அவர்கள் கேட்கிற வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். மகள் என்று வரும் இடமெல்லாம் மகனுக்கும் பொருந்தும்.

படிக்க நேரமில்லை, இப்போதே பயமாக இருக்கிறது என்றால்: உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 108. பேசுவதற்கு 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும், தமிழில், இலவசம்.

1. கையில கோடு கோடா இருக்கு. கேட்டா பூனை பிறாண்டுச்சுங்கறா. நான் எதை நம்பறது?

ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஒரே இடத்தில், ஒரே மாதிரி, பழையதும் புதியதுமாகக் காயங்கள் இருந்தால் சந்தேகிக்கலாம். மே மாத வெயிலிலும் முழுக்கை, பி.டி. பீரியட் வேண்டாம் என்பது, பாத்ரூமில் வழக்கத்தைவிட நேரம், துணியில் சின்னச் சின்ன ரத்தக்கறை, முன்பு பேசிக்கொண்டிருந்த பிள்ளை கதவைச் சாத்திக்கொள்வது ஆகியவை சேர்ந்து வரும்போது கேட்டுவிடுவது நல்லது.

சட்டையைப் பிடித்து இழுத்துக் கையைத் திருப்பிப் பார்க்காதீர்கள். அப்படிப் பார்த்தால் அடுத்த முறை காயம் உங்கள் கண்ணில் படாத இடத்துக்குப் போகும்.

2. இது சாகறதுக்காகப் பண்றதா?

பெரும்பாலான பிள்ளைகள் சாக வேண்டும் என்று இதைச் செய்வதில்லை. தாங்க முடியாத மனநிலையைச் சில நிமிடங்களுக்குத் தணிக்கச் செய்கிறார்கள். இதற்கும் தற்கொலை முயற்சிக்கும் நோக்கம் வேறு.

ஆனால் “அப்பாடா, அது இல்லையே” என்று விட்டுவிடவும் முடியாது. இப்படிச் செய்துகொள்ளும் பிள்ளைக்குப் பிற்காலத்தில் தற்கொலை எண்ணம் வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஒரே பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அதனால் ஊகிக்காமல் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்பது 6-ஆம் கேள்வியில்.

3. அப்புறம் எதுக்குத்தான் பண்றா? வலிக்காதா?

வலிக்கும். கோபம், அவமானம், தன்மேலேயே வெறுப்பு, சிலருக்கு எதுவுமே உணர முடியாத மரத்துப்போன நிலை என்று உள்ளே ஏறிக்கொண்டே போகிறது. காயம் செய்துகொண்டதும் அது சட்டென்று இறங்குகிறது. அந்த ஆறுதல் கொஞ்ச நேரம்தான். பின்னாலேயே குற்றவுணர்ச்சி, யாருக்காவது தெரிந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயமே அடுத்த இறுக்கத்துக்குக் காரணமாகிறது. இந்தச் சுழலைப் புரிந்துகொண்டால், “இனி பண்ணாதே” என்ற ஒரு வார்த்தையில் ஏன் நிற்பதில்லை என்பதும் புரியும்.

பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வளரிளம் பருவத்தினரில் ஏறக்குறைய 17 சதவீதம் பேர் ஒருமுறையாவது இதைச் செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள் தொடங்குகிறது. உங்கள் வீட்டில் மட்டும் நடந்த விபரீதம் இல்லை. பையன்களும் செய்கிறார்கள். சுவரில் கை ஓங்கிக் குத்துவதை “கோபக்காரன்” என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

4. இன்னிக்குத்தான் பார்த்தேன். கை காலெல்லாம் நடுங்குது. முதல்ல என்ன பேசணும்?

முதலில் பேசாதீர்கள். தண்ணீர் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் தனியாக உட்காருங்கள். காயம் ஆழமாக இல்லையென்றால் அந்தப் பத்து நிமிடத்தில் எதுவும் கெட்டுப்போகாது. அம்மா கத்தியதும் அழுததும் தலையில் அடித்துக்கொண்டதும் பிள்ளையின் மனதில் பல வருடம் நிற்கிறது.

அப்புறம் தம்பி தங்கை, பாட்டி யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் உட்காருங்கள். முகத்துக்கு முகம் வேண்டாம். கீரை ஆய்ந்துகொண்டோ வண்டியில் போகும்போதோ பேசுவது பிள்ளைகளுக்குச் சுலபம். “உன் கையைப் பார்த்தேன் கண்ணு. திட்டப் போறதில்ல. ரொம்பக் கஷ்டமா இருக்கும்போது இப்படிப் பண்றியா?” இவ்வளவு போதும். பதில் வராவிட்டால், “இப்ப சொல்ல வேண்டாம். சொல்லணும்னு தோணும்போது ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் எழுப்பு” என்று சொல்லி எழுந்துவிடுங்கள். மறுநாள் சாதாரணமாக இருங்கள். ஓரிரு நாள் கழித்து மறுபடி ஒருமுறை கேளுங்கள்.

சொல்லக் கூடாதவை: “உனக்கு என்ன குறை வெச்சோம்”, “அம்மாவைக் கொல்லாம விட மாட்டியா”, “அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு பாரு”. என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணு என்று வாங்குவதும் வேண்டாம். சத்தியத்தை மீறிய பிள்ளை அடுத்த முறை உங்களிடம் வரவே வராது. பிள்ளை உங்களிடம் சொல்கிற வழி திறந்திருக்க வேண்டும். இன்றைக்கு நிறுத்துவதைவிட அதற்குத்தான் முதலிடம்.

5. காயத்துக்கு வீட்டுல என்ன பண்றது? மஞ்சள் வைக்கலாமா?

மஞ்சள்தூள், காப்பித்தூள், டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். தூள் உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கும். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. நின்றதும் குழாய்த் தண்ணீரில் கழுவி, சுற்றிலும் சோப்புப் போட்டு, உலர ஒற்றி, ஒட்டாத கட்டுப் போடுங்கள். சூட்டுக்காயம் என்றால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ் வேண்டாம்.

10 நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால், காயம் வாய் பிளந்திருந்தால், விரல் மரத்துப்போனாலோ மடக்க முடியாவிட்டாலோ, மறுநாள் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். டி.டி. ஊசி 10 வயதிலும் 16 வயதிலும் போட்டதா என்று கேட்பார்கள், தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையோ மருந்தோ எதையாவது விழுங்கியிருந்தால், பிள்ளை நன்றாக நடந்து பேசிக்கொண்டிருந்தாலும் உடனே 108. சிலவற்றின் பாதிப்பு ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

6. ‘சாகணும்னு தோணுதா’ன்னு நேரடியாவே கேக்கலாமா? நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆகாதா?

ஆகாது. கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். யாராவது கேட்டார்களே என்று பிள்ளைகள் பெரும்பாலும் நிம்மதிப் பெருமூச்சுதான் விடுகிறார்கள். சுற்றி வளைக்காமல், குரலை உயர்த்தாமல்: “உயிரோட இருக்க வேண்டாம்னு தோணியிருக்கா? இப்பவும் தோணுதா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?”

மூன்றாவதற்கு “ஆமா” என்று வந்தால் அன்று இரவு தனியாகத் தூங்க விடாதீர்கள். யோசித்து வைத்திருக்கும் பொருள் வீட்டில் இருந்தால் வெளியேற்றுங்கள். 14416-ஐக் கூப்பிட்டுவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ தெரிந்த மனநல மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். “காலாண்டு முடியட்டும்” என்று தள்ளிப்போடக் கூடாத விஷயம் இது.

7. வீட்டுல இருக்கற கூர்மையானதெல்லாம் ஒளிச்சு வைக்கணுமா? பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழட்டணுமா?

உயிருக்கு ஆபத்தானவற்றை யோசிக்காமல் பூட்டுங்கள்: எலி மருந்து, பூச்சிமருந்து, தாத்தாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள், தூக்க மாத்திரை. வீட்டு மாத்திரைகளில் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். வயல் வீடாக இருந்தால் மருந்து டப்பா மோட்டார் ரூமில் சும்மா கிடக்கக் கூடாது. திடீரென்று வரும் உந்துதலுக்கும் பொருளுக்கும் நடுவில் ஒரு பூட்டு இருந்தாலே உயிர் பிழைக்கிறது.

மற்றவற்றில் வீட்டைச் சிறையாக்க வேண்டாம். பிள்ளை எதைப் பயன்படுத்துகிறது என்று தெரிந்தால், “இதை நான் வெச்சுக்கட்டுமா?” என்று கேட்டு வாங்குங்கள். தாழ்ப்பாளைக் கழற்றுவது, தினம் பை சோதிப்பது எல்லாம் 6-ஆம் கேள்வியில் சொன்ன ஆபத்து இருக்கும் சில நாட்களுக்கு மட்டும். அதுவும் ஏன் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு.

8. அந்த நேரம் வருதுன்னு அவளே வந்து சொன்னா, நான் என்ன பண்ணணும்?

வந்து சொன்னதே பெரிய விஷயம், அதை முதலில் சொல்லுங்கள். உந்துதல் ஏறி, உச்சத்துக்குப் போய், இறங்கிவிடும். அதுவரை கூட இருப்பதுதான் வேலை. 15 நிமிடம் தள்ளிப்போடப் பாருங்கள். முகத்தில் குளிர்ந்த தண்ணீர், மாடிப்படியில் ஏறி இறங்குவது, மெதுவாக மூச்சை விடுவது, தெருமுனை வரை நடப்பது. முடிந்ததும் இன்னொரு 15 நிமிடம். அந்த நேரத்தில் காரணம் விசாரிக்காதீர்கள்.

அமைதியான ஒரு நாளில் இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எது நடந்தால் வருகிறது, வரப்போவது எப்படித் தெரிகிறது, தானாகச் செய்யக்கூடியவை, கூப்பிடக்கூடிய இரண்டு பேர், 14416. இதைப் பாதுகாப்புத் திட்டம் என்பார்கள். பிள்ளையின் கையெழுத்தில், பிள்ளையின் வார்த்தையில் இருந்தால்தான் வேலை செய்யும்.

9. ‘நம்மள பயமுறுத்தறா, கண்டுக்காத’ங்கறார் அவர். மாமியார் பேய்க்கோளாறுங்கறாங்க. நான் யாருகிட்ட என்ன சொல்றது?

பயமுறுத்த நினைக்கும் பிள்ளை மாதக்கணக்கில் மறைக்காது. சிலர் கவனம் கேட்டே செய்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், அந்த அளவுக்குப் போய்க் கேட்க வேண்டிய கவனம் அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுகிறது. கண்டுகொள்ளாமல் விட்டால் நின்றுவிடும் என்று நம்ப முடியாது, காயம் பெரிதாகலாம்.

அப்பாவுக்குத் தெரியத்தான் வேண்டும். ஆனால் பிள்ளையிடம் “அப்பாகிட்ட சொல்லப் போறேன், எப்படிச் சொல்லட்டும்?” என்று கேட்டுவிட்டு. அவர் கை ஓங்குகிறவர், குடித்தால் நிதானம் இழப்பவர் என்றால் முதலில் மருத்துவர் முன்னிலையில் சொல்வது நல்லது. மாமியாருக்கு முழுக்கதை தேவையில்லை. “பிள்ளைக்கு மனசு சரியில்ல, டாக்டர் பாக்கறாங்க, அடிக்காம திட்டாம இருக்கணும்” போதும். கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப்போனால் மனசு லேசாகும் என்றால் போகட்டும். சிகிச்சையை நிறுத்தச் சொல்லும் இடம், கட்டிவைக்கும் அடிக்கும் இடம் மட்டும் கூடவே கூடாது.

10. என் வளர்ப்புதான் தப்பா?

இந்தக் கேள்வியைக் கேட்காத அம்மா இல்லை. அப்பாக்கள் இதை அபூர்வமாகவே கேட்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே காரணம் என்று ஒன்று கிடையாது. மனச்சோர்வு, பதற்றம், பள்ளியில் கேலி, உடம்பைப் பற்றிய வெட்கம், நீட் கோச்சிங் அழுத்தம், நட்பு முறிவு, காதல், பாலியல் தொல்லை, பிறவியிலேயே உணர்ச்சி வேகம் அதிகமான சுபாவம், வீட்டுச் சண்டை ஆகியவற்றில் சில சேர்ந்து வரும்.

வீட்டில் மாற்ற வேண்டியது ஏதாவது இருந்தால் மாற்றுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு மார்க் ஒப்பிடுவதை இன்றைக்கே நிறுத்தலாம். ஆனால் பிள்ளை முன்னால் “எல்லாம் என்னாலதான்” என்று அழுதால், உங்களைத் தேற்றும் வேலையும் அதன் தலையில் விழுகிறது.

11. யாருகிட்ட காட்டறது? கவுன்சிலரா, சைக்யாட்ரிஸ்டா? எவ்வளவு ஆகும்?

முதல் தடவை மனநல மருத்துவர் பார்ப்பது நல்லது. மனச்சோர்வு போல அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று அவர்தான் கண்டுபிடித்துச் சொல்ல முடியும். பேச்சு சிகிச்சைக்கு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். “கவுன்சிலிங் சென்டர்” என்று போர்டு மாட்டிய எல்லாரும் பயிற்சி பெற்றவர்கள் இல்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருப்பார். தாலுகா மருத்துவமனைக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருவார், எந்தக் கிழமை என்று ஓ.பி. சீட்டுக் கொடுக்கும் இடத்தில் கேளுங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அங்கே புறநோயாளியாகப் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம்.

வளரிளம் பருவத்தினருக்கு நன்றாகப் பலன் தருவதாகத் தெரிந்திருக்கும் பேச்சு சிகிச்சைகளில் முக்கியமானது டி.பி.டி. (டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி). உணர்ச்சி வேகத்தைக் கையாளப் பழக்குகிறது, பெற்றோருக்கும் அதில் பாடம் உண்டு. மாதக்கணக்கில் போகும். இரண்டு தடவை போய்விட்டு “ஒண்ணும் மாறல” என்று நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு.

12. மாத்திரை சாப்பிட்டா அதுக்கே அடிமையாயிடுவாளா?

காயம் செய்துகொள்வதை நிறுத்தவென்று தனி மாத்திரை கிடையாது. அடியில் இருக்கும் மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோதான் கொடுக்கிறார்கள். அதற்கு வழக்கமாகத் தரும் ஃப்ளூவாக்ஸெட்டின் போன்றவை போதைப் பழக்கம் உண்டாக்குபவை அல்ல. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் சில வாரங்களில் சில பிள்ளைகளுக்குப் படபடப்பும் தற்கொலை எண்ணமும் கூடலாம். 2004-இலேயே அமெரிக்க மருந்து ஆணையம் இதைப் பற்றி எச்சரித்தது. அந்த வாரங்களில் கூடுதலாகக் கவனித்து, மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவருக்குச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை அட்டை உங்களிடம் இருக்கட்டும், அன்றன்றைக்கு உரியதை மட்டும் கொடுங்கள்.

13. உள்ள என்ன பேசினான்னு டாக்டர் சொல்ல மாட்டேங்கறாங்க. பெத்தவளுக்கு உரிமை இல்லையா?

சிகிச்சைத் திட்டம், மருந்து, ஆபத்து இருக்கிறதா, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு வார்த்தையும் வெளியே வரும் என்றால் பிள்ளை உள்ளே பேசாது. உயிருக்கு ஆபத்து என்றால் கட்டாயம் சொல்லிவிடுவார்கள், அதை முதல் நாளே பிள்ளைக்கும் தெரியப்படுத்துவார்கள். வெளியே வந்ததும் “என்ன கேட்டாங்க?” வேண்டாம். “பசிக்குதா?” என்று கேளுங்கள்.

14. ஜி.எச். போனா போலீஸ் கேஸ் ஆகுமாமே?

மருத்துவமனையில் ஏ.ஆர். என்ட்ரி (விபத்துப் பதிவேட்டில் குறிப்பு) போடலாம், காவல் நிலையத்துக்குத் தகவலும் போகலாம். அது பதிவுதான், பிள்ளைமேல் வழக்கு இல்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. போலீஸ்காரர் வந்து கேட்டால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். பயந்துபோய் “கீழே விழுந்துட்டா” என்று மருத்துவரிடம் மாற்றிச் சொன்னால் சிகிச்சை தப்பாகப் போகும்.

சேர்க்க வேண்டி வந்தால், 18 வயதுக்குக் கீழே இருப்பவரைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, துணைக்கு ஆள் கூடவே தங்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

15. ஸ்கூல்ல தெரிஞ்சுபோச்சு. டி.சி. வாங்கிக்கச் சொல்றாங்க.

அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அதற்கு மேல் வகுப்பென்றால், சிகிச்சையில் இருப்பதாகவும் பள்ளிக்கு வரலாம் என்றும் மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு தலைமை ஆசிரியரைப் பாருங்கள். மற்ற பிள்ளைகளும் கற்றுக்கொள்வார்கள் என்ற பயம்தான் பெரும்பாலும் அடியில் இருக்கும். பள்ளியிடம் கேட்க வேண்டியது மூன்றே: நம்பிக்கையான ஒரு டீச்சர், தாங்க முடியாதபோது வகுப்பை விட்டு வர அனுமதி, வகுப்பில் இதைப் பற்றிப் பேசாமல் இருப்பது. உதவி இல்லையென்றால் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417.

16. ஃபோன்ல பார்த்துத்தான் கத்துக்கிட்டா. பிடுங்கிடட்டுமா?

தூண்டிவிடும் படங்கள் இணையத்தில் இருப்பது உண்மை. ஃபோனைப் பிடுங்கினால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் ஒரே தோழியும் அதோடு போகலாம். இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில் எல்லாருடைய ஃபோனும் ஹாலில், உங்களுடையதும் சேர்த்து என்று வைத்துப் பாருங்கள். எதைப் பின்தொடர்கிறாள் என்று கூட உட்கார்ந்து பார்த்து, வேண்டாதவற்றை அவளையே நீக்கச் சொல்லுங்கள்.

17. யாரோ தப்பாத் தொட்டதா சொல்றா. சொந்தக்காரர். வெளிய சொன்னா குடும்பமே உடைஞ்சிடும்.

முதல் வார்த்தை: “நான் நம்பறேன். உன் தப்பு இல்ல.” அந்த ஆள் அன்றிலிருந்து பிள்ளை இருக்கும் இடத்துக்கு வரக் கூடாது, வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, நடந்தது தெரியவந்தவர்கள் புகார் செய்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிட்டால் என்ன செய்வது என்று வழிகாட்டுவார்கள். பிள்ளையின் பெயரோ அடையாளமோ செய்தியில் வரக் கூடாது என்பதும் சட்டம். நீங்களே துருவித் துருவி விசாரிக்காதீர்கள், ஒரே கதையைப் பத்துப் பேரிடம் சொல்ல வைப்பது இன்னொரு காயம். சமரசம் பேசி மூடி மறைத்த வீடுகளில் காயம் செய்துகொள்வது நிற்பது கடினம்.

18. மூணு மாசம் நல்லா இருந்தா. நேத்து திரும்பப் பண்ணிட்டா. எல்லாம் வீணா?

இல்லை. மறுபடி நடப்பது சகஜம், அதுவும் பொதுத்தேர்வு, ரிசல்ட், விடுமுறை முடியும் வாரம் போன்ற நேரங்களில். எத்தனை நாளைக்கு ஒருமுறை, எவ்வளவு ஆழம், சொல்கிறாளா மறைக்கிறாளா என்று மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மறைத்தவள் இந்தத் தடவை தானாக வந்து சொன்னால் அது முன்னேற்றம். 8-ஆம் கேள்வியில் சொன்ன தாளை எடுத்து எந்த இடத்தில் வேலை செய்யவில்லை என்று இருவரும் பார்த்து மாற்றி எழுதுங்கள். காயம் ஆழமாகிக்கொண்டே போனாலோ, புதிய வழிகளுக்கு மாறினாலோ, அடுத்த தேதி வரை காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்.

19. ராத்திரி நாலு தடவை எழுந்து மூச்சு வருதான்னு பாக்கறேன். வேலையை விட்டுடலாம்னு தோணுது. சில நேரம் அவமேலயே கோபமா வருது.

கோபம் வருவதால் நீங்கள் கெட்ட அம்மா ஆகிவிடவில்லை. எந்த வார்த்தை எதைக் கிளப்பிவிடுமோ என்று பயந்து பயந்து பேசுவது, சாப்பிடு என்று சொல்லக்கூட யோசிப்பது, தூங்காதது, அக்கம்பக்கத்தில் மூச்சுவிடாமல் மறைப்பது என்று மாதக்கணக்கில் இருந்தால் யாருக்கும் வரும். ஆபத்து இல்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தால் இரவுக் காவலை ஒரு தடவையாகக் குறையுங்கள். கணவர், அக்கா, யாராவது ஒருவருடன் முறை வைத்துக்கொள்ளுங்கள். பயத்துக்காகப் படிப்பு, சாப்பாட்டு நேரம், வீட்டு வேலை என்று எல்லா விதிகளையும் கைவிட வேண்டியதில்லை. விதி இல்லாத வீடு பிள்ளைக்கும் பயமாகத்தான் இருக்கும்.

வேலையை விடும் முடிவை நெருக்கடி நேரத்தில் எடுக்காதீர்கள். சம்பளமும் வேண்டும், வெளிக்காற்றும் வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, அழுகை நிற்கவில்லை என்றால் பிள்ளையைப் பார்க்கும் மருத்துவமனையிலேயே உங்களுக்கும் ஒரு ஓ.பி. சீட்டு வாங்குங்கள். 14416 அம்மாக்களுக்கும்தான். சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050.

தம்பி தங்கைக்கு ஏதோ நடப்பது தெரிந்திருக்கும். “அக்காவுக்கு மனசுல வலி, டாக்டர் பாக்கறாங்க. அக்காவைக் காவல் காக்கறது உன் வேலை இல்ல. பயமா ஏதாவது பார்த்தா எங்கிட்ட வந்து சொல்லு” என்று வயதுக்கேற்றபடி சொல்லிவிடுங்கள்.

20. தழும்பு போகுமா? நாளைக்கு வரன் பாக்கும்போது என்ன சொல்றது?

முற்றிலும் போகாது, மங்கும். காயம் நன்றாக மூடிய பிறகு சிலிக்கான் ஜெல்லைத் தினமும் சில மாதங்கள் தடவலாம். வெயில் பட்டால் கறுக்கும் என்பதால் சன்ஸ்கிரீன் வேண்டும். தழும்பு ஓராண்டுக்கு மேலும் மாறிக்கொண்டே இருக்கும், அவசரப்பட்டு லேசருக்கு ஓட வேண்டாம். தோல் மருத்துவரிடம் போக வேண்டும் என்று பிள்ளை கேட்டால் அழைத்துப் போங்கள். நீங்களாக ஆரம்பித்தால் “அசிங்கமா இருக்கு” என்றுதான் அதன் காதில் விழும்.

பதினாலு வயதுப் பிள்ளையிடம் வரன் பேச்சே வேண்டாம். பள்ளியிலோ கல்யாண வீட்டிலோ யாராவது கையைப் பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது என்று அவளோடு சேர்ந்து ஒரு வரி தயார் செய்துவைக்கலாம். “பழசு, இப்ப சரியாயிடுச்சு” என்று ஒரு பிள்ளை சொல்லலாம், “அதைப் பத்தி பேச விரும்பல” என்று இன்னொன்று சொல்லலாம். எதைச் சொல்வது என்பதை அவள் முடிவு செய்யட்டும். பக்கத்தில் நிற்கும் நீங்கள் அதையே சொல்ல வேண்டும். “அது சைக்கிள்ல விழுந்தது” என்று மாற்றிச் சொல்லாதீர்கள்.